யூதப் பள்ளியின் சாய்ந்த வரிசை

சனிக்கிழமை காலை ஸுஹ்ரா வெறுங்கையோடு தெருவைக் கடந்தபோதே விஷயம் பெரிது என்று கைராவுக்குத் தெரிந்துவிட்டது. ஓரான் நகரத்தின் அந்தத் தெருவில் ஒரு பெண் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் மூடிய தட்டு ஒன்றாவது கையில் இருக்கும். வெறுங்கையோடு போகிறவள் அழப் போகிறாள், இல்லாவிட்டால் சண்டை போடப் போகிறாள். இரண்டில் எதுவானாலும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண். கைரா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் திண்டில் குத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு பின்னாலேயே கிளம்பினாள்.

ஸுஹ்ரா ஏறியது லல்லா ஜூலிகாவின் மாடிப்படியில். தெரு மரியாதையாக லல்லா என்று அழைக்கும் ஜூலிகா, தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். முகவரி பாதி அழிந்த உறைகள், ஊர் பெயரே இல்லாத உறைகள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஓய்வுக்குப் பிறகு தெருவில் காணாமல் போகும் மோதிரங்களும், யார் எழுதியது என்று தெரியாத மொட்டைக் கடிதங்களும் அவரிடம் வந்தன. கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை வெளியே சொல்ல மாட்டார். அவரிடம் கைராவுக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

"லல்லா, திங்கக்கிழமை எங்களத் தெருவுல நிறுத்தப் போறாங்க," என்றாள் ஸுஹ்ரா. "படுக்கையக்கூட மூட்டையாக் கட்டி வச்சுட்டேன்."

ஸுஹ்ராவின் கணவர் பெனாவ்தா எதிரேயுள்ள பள்ளிவாசலின் காவலாளி. பள்ளிவாசலின் பலகையில் நூர் பள்ளிவாசல் என்று எழுதியிருக்கிறது. தெருவில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது யூதப் பள்ளி. யூதர்கள் கப்பலேறிப் போன பிறகு பதின்மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த ஜெபாலயத்தை நகராட்சி தெருவுக்குக் கொடுத்தது. அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பெனாவ்தாதான் கூட்டுகிறார், பாங்கு சொல்கிறார், கம்பளம் விரிக்கிறார். பின்பக்கத்து ஒற்றை அறையில் ஸுஹ்ராவோடு குடியிருக்கிறார். ஓரானில் ஒற்றை அறை என்பது சாதாரண விஷயமில்லை. வீட்டுக்கு மனுப் போட்டவர்கள் தாத்தாவாகிப் பேரன் பெயரில் மறுபடி மனுப் போடுகிற ஊர் அது.

இப்போது வந்த வினை, தொழுகை வரிசையால் வந்தது. யூதப் பள்ளிக்குள் நுழைகிற புதிய ஆளுக்குத் தலை சுற்றும். சுவர்கள் ஒரு பக்கம் பார்க்க, கம்பளத்தின் கோடுகள் இன்னொரு பக்கம் திரும்பிச் சாய்வாக ஓடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்போதைய பெரிய இமாமும் பெனாவ்தாவும் சேர்ந்து போட்ட கோடு அது. பெரிய இமாம் காலமாகிவிட்டார். போன புதன்கிழமை மேலிடத்து அலுவலகத்திலிருந்து யாகூபி என்ற ஆய்வாளர் திசைகாட்டியோடு வந்து அளந்தார். மக்காவின் திசை கம்பளம் காட்டுகிற பக்கம் இல்லையாம். பதினாலு பாகை தள்ளி, சுவருக்கு நேராகவே இருக்கிறதாம். அதாவது, தெருவே ஒன்பது வருஷமாகக் கோணலாகத் தொழுதிருக்கிறது.

தெரு கொதித்துவிட்டது. தெரியாமல் செய்த தவறு, தொழுகை செல்லும் என்று இப்போதைய இமாம் எவ்வளவு சொல்லியும் யாருக்கும் ஆறவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில்தான் தனக்குச் சர்க்கரை வியாதி வந்தது என்று ரொட்டிக்கடைக்காரர் கணக்குச் சொன்னார். இறந்தவரைக் குறை சொல்வது அழகில்லை; உயிரோடு இருக்கிற பெனாவ்தா மிச்சம். ரமலானுக்கு நாலு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிர்வாகக் கூட்டம். கோட்டை நேராக்குவது, காவலாளியை மாற்றுவது, அறையைக் காலி செய்யச் சொல்வது என்று மூன்றும் ஏற்கெனவே தட்டச்சு ஆகிவிட்டன. கையெழுத்துதான் பாக்கி.

"எப்படிக் கோடு போட்டார்னு கேட்டாங்க, லல்லா. நிழலப் பார்த்துன்னார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

லல்லா ஜூலிகா சிரிக்கவில்லை. காப்பியை ஊற்றி ஸுஹ்ரா முன்னால் வைத்துவிட்டு, அந்தக் கோடு போட்டது எந்த மாதம் என்று மட்டும் கேட்டார். ஸுஹ்ரா யோசித்தாள். கடைத்தெருவுக்கு முதல் வாதுமைப் பழம் வந்த வாரம், தனக்கு அப்போதுதான் கல்யாணம், என்றாள்.

"அவளுக்குக் கல்யாணம் மே கடைசியில," என்று கைரா வாசற்படியிலிருந்து சொன்னாள். "சட்டை நான்தான் தச்சேன். கை கொஞ்சம் இறுக்கம்."

"உள்ள வா கைரா," என்றார் லல்லா ஜூலிகா. "நீ வந்து பத்து நிமிஷமாச்சு."

*

மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் இரண்டு பெண்களும் யூதப் பள்ளிக்குள் போனார்கள். செருப்பைக் கழற்றி வைத்த இடத்திலேயே கைரா மூன்று பேரின் செருப்பை வைத்து அவரவர் குடும்ப நிலைமையைச் சொல்லிவிட்டாள். லல்லா ஜூலிகா கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தார்.

கிழக்குச் சுவரின் நடுவில் மூன்று படி ஏறினால் ஓர் ஆழமான மாடம். யூதர்கள் தங்கள் வேதச் சுருளை வைத்திருந்த இடம் அது. இப்போது குர்ஆன் அலமாரி. இடுப்புயரத்தில் ஒரு பளிங்குப் பலகை. அதற்குக் கீழே கதவு போட்ட சின்ன அறை. பலகைக்கு மேலே மாடம் வெறுமையாக உயர்ந்து, உச்சியில் ஒற்றை மரத்தட்டு. ஆய்வாளர் தம் திசைகாட்டியை அந்தப் பளிங்கில்தான் வைத்திருந்தார். கட்டடத்திலேயே சமதளமான கல் அதுதான் என்று நிர்வாகச் செயலாளர் ஹாஜி மொக்தாரின் அழைப்புக் கடிதத்திலேயே எழுதியிருந்ததாம்.

பெனாவ்தா ஒரு முக்காலியைச் சுமந்துகொண்டு வந்தார். குள்ளமான மனிதர், கைராவின் தையல் மேசைக்குப் பின்னால் நின்றால் தொப்பி மட்டும் தெரியும். முக்காலி மேல் ஏறி உச்சித் தட்டிலிருந்து குர்ஆன்களை இரண்டிரண்டாக இறக்கி, பிள்ளைகள் ஓதும் பலகையில் வைத்தார். நாற்பது பிரதி. நாலு நாளாக இதே வேலை, இடுப்பு போயிற்று என்று முனகினார்.

இத்தனை நாள் எங்கே இருந்தன என்று லல்லா ஜூலிகா கேட்டார். கீழே, கதவு போட்ட அறையில், தூசி படாமல், தன் கைக்கெட்ட என்றார் பெனாவ்தா. புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்கு வந்து பார்த்தால் எல்லாம் மேலே. இமாம் மாற்றியிருப்பார், புது இமாம், அவருக்கு ஆயிரம் ஒழுங்கு, கேட்க நான் யார்.

இமாம் தய்யிபிடம் கேட்டால், பெனாவ்தா மாற்றியிருப்பார் என்று நினைத்தேன் என்றார். இமாமுக்குப் பெனாவ்தாவோடு அவ்வளவாகப் பேச்சு கிடையாது. வந்து ஆறு மாதம் ஆகிறது; நெட்டையான, நேர்த்தியான ஆள். புறாக் கூண்டைக்கூட நூல் பிடித்து மாட்டச் சொன்னவர். போன குளிர்காலத்தில் படியில் வழுக்கி வலது தோள் பிசகி, அது இன்னும் சரியாகவில்லை. தொழுகையில் தக்பீர் கட்டும்போது இடது கை காது வரை போகும், வலது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிடும். மேல்மாடத்திலிருந்து பார்க்கும் பெண்கள் அவருக்கு ஒற்றைச் சிறகு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது யார் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

"அந்தாளுதான்," என்று கைரா படி இறங்கும் முன்பே தீர்ப்பு சொன்னாள். "கோணலா எது இருந்தாலும் அவருக்குக் கண்ணு உறுத்தும். நேராக்கணும்னு கங்கணம் கட்டிட்டு, பாவம் இந்த மனுசன..."

"புதன்கிழமை நீ என்னல்லாம் பார்த்தே, அதைச் சொல்லு."

கைராவிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பது அணையைத் திறப்பது. புதன்கிழமை அவள் தாமதமாக எழுந்தாள், அது அவள் குற்றமில்லை. தெருப்பக்கத்துக் குழாய் ஸ்பீக்கர் செவ்வாய் மதியத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. முற்றத்துப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் பாடியது, அது அவள் வீட்டுக்குக் கேட்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத்தான் மறுபடி அலறியது. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் யாகூபி வந்தார். இரண்டு மணிக்கு வெளியே வந்து, கையை உதறி உதறிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று மணி கேட்டார். அவருடைய ரஷ்யக் கடிகாரம் பன்னிரண்டே காலில் நின்றிருந்தது. பேருந்தும் போய்விட்டது. கைரா அவருக்குக் கடலைமாவில் சுட்ட கரந்திகா ஒரு துண்டு கொடுத்து, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டாள்.

"அளக்கும்போது கடிகாரத்தக் கழட்டி வச்சாராமா?"

"ஆமா. இரும்பு பக்கத்துல இருந்தா ஊசி ஏமாத்துமாம். ரொம்பக் கவனமான மனுசன். கழட்டிப் படியில, அந்த அலமாரிக் கதவு ஓரமா வச்சேன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லல்லா ஜூலிகா மேல்மாடத்துக்கு ஏறினார். பெண்கள் தொழுகிற இடம். யூதர்கள் காலத்திலும் பெண்களுக்குத்தான். தெருப்பக்கத்து ஜன்னலில் குழாய் ஸ்பீக்கர் மாட்டியிருந்தது. பின்பக்கம் ஒரு தடித்த பூசணிக்காய்போல இருந்தது. அதன் திருகாணிகளில் புதுக் கீறல். பக்கத்தில் ஒரு சீட்டு காற்றில் ஆடியது: பழுது பார்க்கக் கொடுக்கப்பட்டுள்ளது. யார் கொடுத்தது என்று எழுதியிருக்கவில்லை. பெனாவ்தா இமாம் கொடுத்தார் என்றும், இமாம் பெனாவ்தா கொடுத்தார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

லல்லா ஜூலிகா கைராவின் அளவு நாடாவிலிருந்து ஒரு குண்டூசியை உருவி ஸ்பீக்கரின் பூசணிக்காயிடம் கொண்டுபோனார். இரண்டு விரல் தூரத்திலேயே குண்டூசி விரலை விட்டுத் தாவி ஒட்டிக்கொண்டது. கைரா அதைப் பிடுங்கி, பழையபடி நாடாவில் குத்திக்கொண்டாள். குண்டூசி என்ன, சும்மா வருகிறதா.

அங்கிருந்து ரேடியோ மெக்கானிக் மிலூத்தின் கடைக்குக் கைரா தானாகவே போனாள், யாரும் அனுப்பவில்லை. கடை பூட்டியிருந்தது. மச்சினன் கல்யாணத்துக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். ஓடிவந்து சொன்னபோது லல்லா ஜூலிகா அதிசயப்படவில்லை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஸ்பீக்கர் மாதிரி எதையாவது யாராவது வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்களா என்று மட்டும் கேட்டார்.

கைராவுக்குக் கோபமே வந்துவிட்டது. பள்ளிவாசலுக்கு ஒரே வாசல், அதற்கு நேரெதிரே அவள் ஜன்னல். அவள் கண்ணைத் தாண்டி அந்த வாசலில் ஒரு பூனைகூட மறைத்துக்கொண்டு எதையும் எடுத்துப் போனதில்லை.

"அதான் நானும் நெனச்சேன்," என்றார் லல்லா ஜூலிகா.

அன்று மாலை கைரா அவர் வீட்டுக்கு மறுபடி போனபோது, தபால் நிலையத்திலிருந்து கொண்டுவந்த பழைய தேசப்படம் சுவரில் ஏறியிருந்தது. ஓரானில் ஒரு குண்டூசி. அதிலிருந்து இரண்டு நூல், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, இரண்டும் கிழக்கே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக விலகி இரண்டு ஊர்களில் முடிந்தன. லல்லா ஜூலிகா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார்போல, நம்மிடம் சொல்லவில்லை பாருங்கள், என்று கைரா மனதுக்குள் வருத்தப்பட்டாள். பிறகு அவர் நாட்காட்டியிடம் போய்ச் சில தாள்களைப் புரட்டி, இருபத்தெட்டாம் தேதித் தாளைக் கிழித்துப் பைக்குள் வைத்தார். திங்கட்கிழமையைச் சனிக்கிழமையே கிழிப்பது கைராவுக்குப் பிடிக்கவில்லை. நாளைக் கிழிப்பதா, நல்லதா அது.

"திங்கக்கிழமை கூட்டத்துக்கு உன்னோட எல் ஸ்கேல எடுத்துட்டு வா," என்றார் லல்லா ஜூலிகா. "பெரிய கத்தரிக்கோலும், கொஞ்சம் தடிச்ச கயிறும்."

*

திங்கட்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. கூட்டம் முற்றத்தில் கூடுவதாக இருந்தது. லல்லா ஜூலிகா உள்ளே, கம்பளத்தின் மேல் கூடலாம் என்றார். காவலாளிக்காக ஒரு வார்த்தை பேச வந்திருப்பார், பேசிவிட்டுப் போகட்டும் என்று ஹாஜி மொக்தார் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஹாஜி மொக்தாரைப் பற்றித் தெருவில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. நாலு வேளை பள்ளிவாசலில், ஐந்தாவதும் பெரும்பாலும் அங்கேதான். பேருந்தில் ஏறினால் குனிந்தே நிற்க வேண்டிய உயரம். தெருவில் ரொட்டித் துண்டு கிடந்தால் எடுத்து முத்தமிட்டு, மற்றவர் கைக்கெட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். எந்த விளிம்பில் ரொட்டி இருக்கிறது என்று பார்த்தே அவர் எந்த வழியாக வீட்டுக்குப் போனார் என்று கைரா சொல்வாள்.

ஆய்வாளர் யாகூபி வந்திருந்தார், பழுது பார்த்த கடிகாரத்தோடு. இமாம் தய்யிப் தோளைத் தடவிக்கொண்டு நின்றார். பெனாவ்தா வாசலோரம், நாளைக்கு இந்த இடம் தன்னுடையதில்லை என்கிற மாதிரி ஒடுங்கி நின்றார். மேல்மாடத்தில் பெண்கள். ஸுஹ்ரா முன்வரிசையில், கைப்பிடியைப் பிடித்தபடி.

"ஆய்வாளர் ஐயா, உங்க கடிகாரத்துல மணி என்ன?" என்றார் லல்லா ஜூலிகா.

பத்து பத்து.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. ஹாஜியாரே, நம்ம கூட்டத்துல உசரமான ஆள் நீங்கதான். சிரமம் பார்க்காம இந்தக் கயித்தக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

கயிற்றின் நுனியில் கைராவின் கத்தரிக்கோல் தொங்கியது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அளவுக்குக் கம்பளத்தில் விழுந்திருந்தது. அதன் நடுவில் ஹாஜி மொக்தார் கையை உயர்த்தி நின்றார். கத்தரிக்கோல் ஆடி ஆடி நின்றது. கயிற்றின் நிழல் கம்பளத்தில் கறுப்பாக விழுந்தது. பைக்குள்ளிருந்து நாட்காட்டித் தாளை எடுத்து லல்லா ஜூலிகா இமாமிடம் நீட்டினார். அடியிலிருந்த பொடி எழுத்தை இமாம் கண்ணருகே வைத்து உரக்கப் படித்தார். இன்று காலை பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்குச் சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கும்.

படித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மதரஸாவில் அவரும் இதைப் படித்தவர்தான். பரீட்சை எழுதிய கையோடு மறந்தவர்.

"சூரியன் மக்காவுக்கு நேர் மேல நிக்கிறப்போ, நாம சூரியனப் பார்த்துத் திரும்பினா மக்காவப் பார்த்துத் திரும்பின மாதிரி," என்றார் லல்லா ஜூலிகா. "கயிறு விழுத்துற நிழல்தான் மக்காவுக்குப் போற கோடு, தொழுகை வரிசை அதுக்குச் சரியாக் குறுக்க நிக்கணும். பெரிய இமாம் ஒம்பது வருஷத்துக்கு முன்னால இதே நாள்லதான் பெனாவ்தாவக் கயிறு பிடிச்சு நிக்க வச்சார். ஊசி வேணாம், கருவி வேணாம். சூரியன யாரும் ஏமாத்த முடியாது. கைரா, மணியாச்சு."

கைராவின் வாழ்நாளில் இத்தனை ஆண்கள் மூச்சை அடக்கி அவள் கையைப் பார்த்தது அதுவே முதல் தடவை. எல் ஸ்கேலின் ஒரு கையை நிழலோடு ஒட்டி வைத்தாள். மறு கை கம்பளத்தின் சாய்ந்த கோட்டோடு ஒட்டியது. தையல் போட்ட மாதிரி, இடைவெளியே இல்லாமல்.

வாசலோரத்தில் பெனாவ்தா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். மேல்மாடத்தில் யாரோ குலவையிட ஆரம்பிக்க, பள்ளிவாசல் என்று யாரோ அடக்கினார்கள்.

ஆய்வாளர் யாகூபி முழங்காலிட்டு எல் ஸ்கேலைத் தாமே இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். நேர்மையான மனிதர், காது சிவந்துவிட்டது. தம் திசைகாட்டி போன வாரம் வேறு ஆறு பள்ளிவாசல்களில் சரியாகவே காட்டியது என்றார்.

"இங்கயும் சரியாத்தான் காட்டியிருக்கும், பக்கத்துல காந்தம் இல்லாம இருந்தா. உங்க கடிகாரமும் ஓடியிருக்கும். நீங்க கடிகாரத்தக் கழட்டி வச்ச கதவுக்குப் பின்னால, கல்லுக்கு நேர் கீழ, தெருப்பக்கத்து ஸ்பீக்கர் இருந்துச்சு. பழுது பார்க்கப் போனதா ஒரு சீட்டு. மெக்கானிக் ஊர்லயே இல்ல. வாசல் வழியா எதுவும் போகல, அதுக்குக் கைரா பொறுப்பு. அப்போ ஸ்பீக்கர் உள்ளதான் இருந்திருக்கு."

ஹாஜி மொக்தார் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை இறக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அது யார் வைத்தது என்று இமாம் கேட்டார்.

"அந்தக் கதவுக்குள்ள நாப்பது குர்ஆன் இருந்துச்சு. வெறும் களவாணியா இருந்தா பின்னால தள்ளிட்டு ஸ்பீக்கர வச்சிருப்பான். இவர் அப்படிச் செய்யல. வேதத்துக்குச் சமமா அத வைக்க மனசு வரல. வேதத்தக் கீழ தரையில வைக்கவும் மனசு வரல. கல்லுல வைக்க முடியாது, அங்க திசைகாட்டி வரணும். அதனால நாப்பதையும் உச்சித் தட்டுக்கு ஏத்தினார். ஊர ஏமாத்துற அவசரத்துலயும் மரியாதை தப்பல." லல்லா ஜூலிகாவின் குரலில் கேலி இல்லை. "அந்தத் தட்டு பெனாவ்தாவுக்கு முக்காலி இல்லாம எட்டாது. முக்காலி அவர் அறைக்குள்ள பூட்டியிருக்கும். இமாமுக்கு உசரம் உண்டு, கை தோளுக்கு மேல போகாது. மேல்மாடத்துல எல்லாருக்கும் தெரியும். முக்காலி இல்லாம நின்னு நாப்பது பிரதியும் அங்க அடுக்கக்கூடிய கை இந்தத் தெருவுல ஒண்ணுதான் இருக்கு. இப்போ கயிறு பிடிச்சிட்டிருக்கு."

எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

ஹாஜி மொக்தார் மறுக்கப் பார்த்தார். கோடு சுவருக்கு நேராக இருப்பதுதானே முறை, கட்டினவர்கள் என்ன முட்டாள்களா, பார்க்கிற யாருக்கும் அதுதான் சரியாகத் தோன்றும் என்றார்.

"தோணும்னு தெரிஞ்சுதான் ஸ்பீக்கர நகத்தி நகத்தி ஊசியச் சுவருக்கு நேரா நிறுத்தினீங்க. எல்லாருக்கும் நேர்கோடு பிடிக்கும். சனிக்கிழமை கேட்டவுடனே எனக்கு உறுத்தினது அதுதான் ஹாஜியாரே." அவர் கிழக்குச் சுவரைக் காட்டினார். "இதக் கட்டினவங்க முட்டாள் இல்ல. நம்ம மாதிரியே ரொம்பக் கவனமா அளந்து கட்டியிருக்காங்க. ஆனா அவங்க திரும்பி நின்னது குத்ஸ் பக்கம், ஜெருசலேம் பக்கம். மக்கா அதுக்கு எவ்வளவோ தெக்க இருக்கு. என் வீட்டுல தேசப்படத்துல ரெண்டு நூல் கட்டி வச்சிருக்கேன், கைரா அத ஹஜ்ஜுக்குன்னு நெனச்சா. இந்தச் சுவர் மக்காவ நேராப் பார்க்க வழியே இல்ல. வரிசை சாஞ்சுதான் இருக்கணும். நாம தினமும் யூதப் பள்ளி யூதப் பள்ளின்னு சொல்றோம். சொல்லிச் சொல்லி, இது யார் கட்டினதுன்னே மறந்துட்டோம்."

ஹாஜி மொக்தார் கையை இறக்கினார். கொஞ்ச நேரம் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் மக கட்டிக்கிட்டு ரெண்டு வருஷமாச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "மருமகனோட எங்க அடுப்படியிலதான் படுக்குறா. விடியறதுக்கு முன்னாடி அவங்க எழுந்திரிச்சு பாய சுருட்டினாத்தான் நாங்க காப்பி போட முடியும். எட்டு தடவ மனுப் போட்டேன். மருமகன் நல்லா பாங்கு சொல்லுவான்."

கைராவுக்கு இது தெரியாத செய்தி. அவள் வாழ்க்கையில் அப்படி ஒன்று நேர்ந்தது அவமானமாக இருந்தது. அந்த அடுப்படிக்குத் திரை தைத்துக் கொடுத்ததே அவள்தான்; எதற்குத் திரை என்று கேட்கத் தோன்றவில்லையே.

ஆய்வாளர் யாகூபி தட்டச்சுத் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோடு சரி, காவலாளி சரி என்று கையாலேயே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். செயலாளர் பதவியை ஹாஜி மொக்தார் தாமாகவே விட்டுவிட்டார். அவருடைய மகளின் மனுவை இனி நிர்வாகமே எழுதும் என்று இமாம் சொன்னார். முதல் தடவையாகப் பெனாவ்தாவைத் தம் பக்கத்தில் உட்காரவும் சொன்னார். வேறு தண்டனை ஒன்றும் யாரும் பேசவில்லை. கூட்டம் கலையும்போது லல்லா ஜூலிகா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

லுஹருக்கு முன்னால் ஹாஜி மொக்தார் உச்சித் தட்டிலிருந்து குர்ஆன்களை ஒவ்வொன்றாக எடுத்து, முத்தமிட்டு, கீழே நீட்டினார். பெனாவ்தா வாங்கி வாங்கித் தம் கைக்கெட்டும் பழைய அறையில் அடுக்கினார். நாற்பது பிரதி.

பிற்பகலில் கைரா மிஷினுக்குத் திரும்பினாள். பள்ளிவாசலின் பின்னறை ஜன்னலில் ஸுஹ்ராவின் மெத்தையும் கம்பளிகளும் மூட்டை அவிழ்ந்து வெயிலில் தொங்கின. சற்றைக்கெல்லாம் ஸுஹ்ரா வெளியே வந்தாள், கையில் மூடிய தட்டோடு. கைரா அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்து, தட்டு வைக்க மேசையில் இடம் ஒதுக்கினாள்.

ஸுஹ்ரா லல்லா ஜூலிகாவின் படியைத் தாண்டினாள். கைராவின் வாசலையும் தாண்டினாள். தெருக்கோடியில் ஹாஜி மொக்தாரின் வீட்டுக் கதவைத் தட்டி, மகளை வெளியே அழைத்து, தட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"நானா இருந்தா உப்ப அள்ளிப் போட்டுக் கொடுத்திருப்பேன்," என்று கைரா ஜன்னலுக்கு வெளியே, கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். தலைக்கு மேலே தெருப்பக்கத்து ஸ்பீக்கர் ஒரு தரம் கரகரத்து, அஸர் தொழுகைக்குப் பெனாவ்தாவின் குரலை எடுத்தது. சத்தம் அதிகம்தான். கைரா ஜன்னலைச் சாத்தவில்லை.